பிரிக்காமல் கொடுத்த உறை

"ஒரு கையெழுத்துதானே. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்றார் என் கணவர்.

சனிக்கிழமை காலை. கோட்டூர்புரம் வீட்டில், சாப்பாட்டு மேசையில், இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மூன்று பக்கத் தாள் கிடந்தது. வக்கீல் அனுப்பிய அபிடவிட். நான் சத்தியம் செய்து சொல்வதாக யாரோ ஒருவர் பன்னிரண்டு பத்திகளை ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தார். எட்டாவது பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேற்படி பெண்மணி என்னிடம் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ எந்தப் புகாரும் கொடுக்கவில்லை, என் வழியாக என் கணவருக்கு அவரிடமிருந்து எந்தக் கடிதமும் போகவில்லை.

பச்சைப் பொய். கடிதம் வந்தது. என் கையில் வந்து, என் கையாலேயே அவரிடம் போனது. இது உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். எழுதிய பெண், வாங்கிக்கொண்ட என் கணவர், நடுவில் தபால்காரி வேலை பார்த்த நான்.

"படிச்சிட்டுப் போடறேன்" என்றேன்.

"படிக்க என்ன இருக்கு? எல்லாம் வக்கீல் பார்த்துட்டார்" என்று இன்னொரு இட்லி கேட்டார். வைத்தேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. எனக்கு என் கை மேலேயே கோபம் வந்தது.

என் கணவர் ராணுவத்தில் கர்னல். வடக்கே ஒரு கன்டோன்மென்ட் ஊரில் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தார். பதவிக்காலம் முடிய ஒன்பது மாதம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். ஆறு வருடம் ஆகிறது. ஊர்ப் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வந்தது. 'தனிப்பட்ட நடத்தை தொடர்பான புகாரில்' பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டாராம். தனிப்பட்ட நடத்தை! பல் தேய்க்காமல் காப்பி குடிப்பது தனிப்பட்ட நடத்தை. தன் கீழ் வேலை செய்யும் ஜவானின் மனைவியை ஆபீஸுக்கு வரவழைத்துக் கதவைத் தாழ்போடுவதில் தனிப்பட்டது என்ன இருக்கிறது? அந்த ஆபீஸ், அந்தக் கதவு, அவளை வரச்சொல்லும் அதிகாரம், எல்லாமே சர்க்கார் கொடுத்தது.

விசாரணை முடிந்து அவருக்குக் கொடுத்த தண்டனைக்கு ஒரு பெயர் உண்டு. 'கடும் அதிருப்தி.' நான் இட்டுக்கட்டவில்லை, ராணுவத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். பதவி உயர்வு கிடையாது, தலைமைப் பொறுப்பு கிடையாது, ஆனால் ஓய்வு பெறலாம், பெயருக்கு முன்னால் கர்னல் என்று போட்டுக்கொள்ளலாம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் எங்கள் வீட்டில் இதைவிட அதிகமாக அதிருப்தி காட்டியிருக்கிறார்கள்.

அந்த அதிருப்தியைத்தான் இப்போது அழிக்க வேண்டும் என்று ராணுவத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறார். அதற்குத்தான் என் கையெழுத்து.

இதெல்லாம் எப்படி ஆனது என்று சொல்வதற்கு, அங்கே நான் யாராக இருந்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தலைமை அதிகாரியின் மனைவிக்கு அங்கே சம்பளமில்லாத ஒரு பதவி உண்டு. படைவீரர் குடும்பங்களின் நல மையத்துக்கு அவள்தான் தலைவி. யூனிட்டுக்குள் இருக்கும் மழலையர் பள்ளிக்கும் அவள்தான் தலைவி. தேர்தல் கிடையாது, தேர்வு கிடையாது. தாலிதான் தகுதி. நான் உள்ளே நுழைந்தால் நாற்பது பெண்கள் எழுந்து நிற்பார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட. முதல் மாதம் கூச்சமாக இருந்தது. மூன்றாவது மாதம், யாராவது எழுந்திருக்கத் தாமதித்தால் யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

மாதம் ஒரு முறை நல மையத்தில் கூட்டம். ஜவான்களின் மனைவிகள் வரிசையாக வந்து குறை சொல்வார்கள். குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை, கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வாயால் சொல்வதை ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொள்வாள். உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பதை மட்டும் யாரும் தொடக் கூடாது. அது அன்றைக்கே அப்படியே தலைமை அதிகாரியிடம் போக வேண்டும். எனக்கு முன்னால் அங்கே தலைவியாக இருந்த பெண் பொறுப்பை ஒப்படைக்கும்போது சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான்: ஒட்டிய உறையைப் பிரிக்காதே, அது யூனிட் விஷயம், நம் மூக்கை நுழைக்கக் கூடாது. நான் இரண்டு வருடம் ஒரு உறையையும் பிரித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் அற்பப் புத்தி எனக்கில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மழலையர் பள்ளியில் ஒரு தமிழ்ப் பெண் டீச்சராக இருந்தாள். வேலூர்ப் பக்கம். பி.எட். படித்தவள். அவள் கணவன் எங்கள் பட்டாலியனில் நாயக். அதாவது ஜவானுக்கு இரண்டு படி மேலே, கர்னலுக்கு எத்தனையோ படி கீழே. அந்த வளாகத்தில் என்னைத் தவிரத் தமிழ் பேசும் பெண் அவள் ஒருத்திதான். கூட்டம் முடிந்ததும் இரண்டு நிமிடம் என்னிடம் தமிழில் பேசிவிட்டுப் போவாள். புளி எங்கே நன்றாகக் கிடைக்கிறது, ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா, இப்படி. அந்த இரண்டு நிமிடத்துக்காக நானும் காத்திருப்பேன். அவளிடம் பேசும்போது மட்டும் நான் மேம்சாப் இல்லை, தி.நகர்ப் பாத்திரக்கடைக்காரர் மகள்.

ஒரு கூட்டத்தில் அவள் வரிசையில் வந்து நின்றாள். வழக்கமாக வரிசைக்கு வரமாட்டாள். கையில் ஒரு பழுப்பு உறை, நன்றாக ஒட்டியிருந்தது. மேலே பெயர் எதுவும் இல்லை.

"இதக் கொஞ்சம் பாருங்க மேடம்" என்றாள்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 'பாருங்க' என்றால் ஆவன செய்யுங்கள் என்று அர்த்தம். "கண்டிப்பா. இன்னைக்கே சார்கிட்ட சேர்த்துடறேன்" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பின்னால் நின்றவள் முன்னால் வந்துவிட்டாள். டீச்சர் ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்தவளின் ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்டேன்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்ததும், உறையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யார் குடுத்தது?"

"நம்ம டீச்சர். ஏதோ லீவு விஷயமா இருக்கும்."

பிரித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரசம் கேட்டார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்காத இடம் அந்த ரசம். நான் கரண்டியால் கலக்கி, தெளிவாக ஊற்றினேன்.

பத்து நாள் கழித்து ஒரு தாளை என்னிடம் நீட்டினார். டீச்சரின் சேவை இனித் தேவையில்லை என்று பள்ளித் தலைவி எழுதுவதாக இருந்தது. "பேரன்ட்ஸ் எல்லாம் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க, பிள்ளைங்கள அடிக்கிறாளாம்" என்றார். நான் பள்ளிக்குப் பல தடவை போயிருக்கிறேன். பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடக்கும். அடிக்கிற டீச்சரிடம் பிள்ளைகள் அப்படி ஒட்டாது என்று எந்த முட்டாளுக்கும் தெரியும். நான் முட்டாள் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அதே வாரம் அவள் கணவனை எல்லைப் பக்கம் ஒரு காவல் நிலைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து லீவில் வந்தவன் அவள் போனைப் பார்த்திருக்கிறான். என் கணவர் அனுப்பிய செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. அவன் யாரிடமும் கத்தவில்லை, குடிக்கவில்லை. சீருடையைப் போட்டுக்கொண்டு மேலதிகாரியான பிரிகேடியரிடம் நேராகப் போய் நின்றான். அப்படிப் போக அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று ராணுவத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

விசாரணையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆபீஸுக்குக் கூப்பிட்டது, கையைப் பிடித்தது, கதவைத் தாழ்போட்டது. ஏன் அப்போதே புகார் சொல்லவில்லை என்று கேட்டார்கள். சொன்னேன், மேம்சாப் கையில் கடிதம் கொடுத்தேன் என்றாள். அப்படி எந்தக் கடிதமும் இல்லை என்று என் கணவர் சொன்னார்.

இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கர்னலின் மனைவியை விசாரணை அறையில் உட்காரவைப்பது மரியாதையாக இருக்காதாம். என்ன மரியாதை, எப்பேர்ப்பட்ட மரியாதை! அந்தப் பெண்ணை மூன்று நாள் ஆறு ஆண்களுக்கு முன்னால் உட்காரவைத்து, எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று கேட்டார்களே, அவளுக்கு அந்த மரியாதையில் ஒரு துளி கிடையாதா?

அதற்குப் பதிலாகப் பிரிகேடியரின் மனைவி எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, "ஏதோ கவர் கொடுத்தேன்னு சொல்றாளாம், அப்படி ஏதாவது..." என்று இழுத்தார். உள்ளறையில் என் கணவர் இருந்தார். கதவு திறந்திருந்தது.

"எத்தனையோ கவர் வரும். எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இல்லை. பயந்தேனா? அவர் என்னை ஒருநாளும் அடித்தவர் இல்லை. பாசமா? விசாரணைத் தாள்களில் அந்தச் செய்திகளைப் படித்த பிறகு என்ன பாசம். யோசித்து யோசித்து இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கும் அந்த நாற்பது பேரை இழக்க எனக்கு மனசில்லை. அதற்காகச் சொன்ன பொய். சொல்லியும் அந்த மரியாதை இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. கடிதம் நிரூபிக்கப்படவில்லை, கதவு நிரூபிக்கப்படவில்லை, போனில் இருந்த செய்திகள் மட்டும் நிரூபிக்கப்பட்டன. தகாத செய்திகள் அனுப்பியதற்காகக் கடும் அதிருப்தி. மூட்டை கட்டிக்கொண்டு, அப்பா எனக்குக் கொடுத்த இந்தக் கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

சென்னை என்ன சொன்னது? சென்னை அவரைப் பார்த்து உச் கொட்டியது.

எங்கள் அடுக்ககத்தில் காலையில் நடக்கும் ரிட்டயர்ட் ஆசாமிகள் ஒரு வாரம் கூடிக்கூடிப் பேசினார்கள். அடுத்த வாரம் அவரையும் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். "ஒரு பொம்பளையால ஒரு கரியரே போச்சே" என்று ஒருவர் என்னிடமே துக்கம் விசாரித்தார். அது யாருடைய கரியர், அவள் டீச்சர் வேலை போனதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கீழே இஸ்திரி போடுகிறவர் மட்டும்தான் நேராகக் கேட்டார். "இன்னா மேடம், சார் மேல ஏதோ கேஸு கீதாமே, பேப்பர்ல வந்துச்சாமே, நெசமா?" நான் ஆமாம் என்றேன். "த்தூ, வுடு மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அன்று எதற்குத் துப்பினார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் துப்பிய ஒரே ஆள் அவர்தான்.

என் அண்ணன் தி.நகரில் எங்கள் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். தையில் புதுக் கிளை திறக்கிறான். போன வாரம் நேரில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏ பாப்பா, அந்தத் தாள்ல கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு. கேஸு ஜெயிச்சிட்டா கடையில மாப்ளையத்தான் குத்துவிளக்கு ஏத்தச் சொல்லப்போறேன். பத்திரிகையில கர்னல்னு பெருசாப் போடணும்லா."

"அவர் என்ன செஞ்சாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"ஆம்பளைன்னா அங்கன இங்கன ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும். அதுக்காவ சீட்டக் கிழிப்பானா? நான் அப்படிக் கிழிச்சா கடையில ஒரு பயலும் மிஞ்ச மாட்டான்."

"அப்போ உன் கடையில நிக்கிற பொம்பளப் பிள்ளைங்க கதி?"

"நீ என்ன பேச்சுப் பேசுத?" என்று எழுந்துவிட்டான். அவனுக்கு மட்டும்தான் கோபம் வரலாம் என்பதுபோல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை சாயந்திரம் மயிலாப்பூரில் வக்கீல் வீட்டுக்குப் போனோம். தரமணியில் ஒரு பயிற்சி நிறுவன அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அது முடிந்து பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினேன். அவர் காரில் வந்து காத்திருந்தார். வக்கீல் தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவில் இருப்பவர், மிகவும் மரியாதைப்பட்டவர். எனக்குக் காப்பி வந்தது.

"படிச்சுண்டே உக்காந்திருக்காதீங்கோ மேடம், எல்லாம் சரியா இருக்கு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போட்டாப் போறும்" என்று பேனாவை நீட்டினார்.

"எட்டாவது பாராவ எடுத்துடலாமா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதான் மேடம் கேஸே. லெட்டர் குடுத்தேங்கறா. குடுக்கலைன்னு நீங்க சொல்லிட்டேள்னா, அவ சொன்னது மொத்தமும் ஜோடிச்சதுன்னு ஆயிடும். மெசேஜ்கூட அவளே பேச்சக் குடுத்து வாங்கினதுன்னு ஆர்க்யூ பண்ணிடலாம்."

"அப்புறம் அவளுக்கு என்ன ஆகும்?"

"பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுக்கணும்னு கேட்டிருக்கேன். நோட்டீஸ் போயிடுத்து. அவ ஆம்படையான் இன்னும் சர்வீஸ்ல இருக்கான். அவனுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். அதெல்லாம் நம்ம ஆத்துக் கவலை இல்லையே."

ஆக, என் கையெழுத்து விழுந்தால் அவள் பொய்க்காரி. சும்மா பேச்சுக்கு இல்லை, சர்க்கார் முத்திரையோடு. அவனுக்கு வேலை போகும். என் கணவருக்குக் குத்துவிளக்கு.

பேனாவை மூடி மேசை மேல் வைத்தேன். "மனு நகல் ஒண்ணு குடுங்க, வீட்டுல படிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் என் கணவர் ஆரம்பித்தார்.

"அந்தாளு முன்னாடி என்ன அசிங்கப்படுத்தணும்னே வந்தியா?"

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏன்?"

"லெட்டர் வந்துச்சு. நான்தான் குடுத்தேன். நீங்க படிச்சீங்க. படிச்சிட்டு ரசம் கேட்டீங்க."

இத்தனை வருடத்தில் இதை முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஆச்சரியம் இருந்தது. இத்தனை வருடமும் எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை என்று நம்பியிருக்கிறார்! நான் மறந்திருப்பேன் என்று அவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்னென்னவோ கத்தினேன். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். குறைக்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

"நீ போடாட்டிப் போ. வேற வழி பார்த்துக்கறேன்" என்றார்.

"நீங்க வேற வழி பாருங்க. நானும் எழுதிக் குடுக்கப்போறேன், தீர்ப்பாயத்துக்கு. நடந்ததை."

அவர் சிரித்தார். அதிகாரிகள் ஜவான்களிடம் சிரிப்பதுபோல், ஒரு பக்கமாக. "என்னன்னு எழுதுவ? அந்த லெட்டர்ல என்ன இருந்துதுன்னு தெரியுமா உனக்கு? நீதான் உத்தமி, பிரிச்சே பார்க்கலையே. நான் லீவு லெட்டர்னு சொல்லுவேன். என்ன செய்வ?"

அவர் சொன்னது சரி. படிக்காதது என் பெருமையாக இருந்தது. அதையே பிடித்து என் வாயை அடைத்தார்.

மறுநாள் லீவு போட்டேன். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுத ஆரம்பித்தேன். உறை, மத்தியானச் சாப்பாடு, பத்து நாள் கழித்து நான் போட்ட கையெழுத்து, பிஸ்கட்டும் டீயும், நான் சொன்ன பொய். எழுதும்போது எங்கேயும் என்னைப் பூசி மெழுகவில்லை. கடிதத்தில் என்ன இருந்தது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். வேறு வழியில்லை, அவளைத்தான் கேட்க வேண்டும். மனு நகலோடு இணைத்திருந்த வாக்குமூலத்தில் அவள் போன் நம்பர் இருந்தது. அதே நம்பரா என்று தெரியாமல் அடித்தேன்.

"யாருங்க?"

சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. அவள் அடுப்பை அணைக்கும்வரை காத்திருந்தேன்.

"சொல்லுங்க மேடம்" என்றாள். அந்த 'மேடம்' என்னை அறைந்ததுபோல் இருந்தது. எதற்கு இன்னும் மேடம்?

கையெழுத்துப் போடமாட்டேன், உண்மையை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு, அந்தக் கடிதத்தில் சாரைப் பற்றி என்ன புகார் எழுதியிருந்தாய், அப்படியே சொல், எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"புகார் இல்லீங்க மேடம். அது சாருக்கு எழுதினதே இல்ல. உங்களுக்கு எழுதினது."

"எனக்கா?"

"ஆமாங்க. பேசினா யாராவது கேட்டுடுவாங்கன்னு எழுதினேன். அஞ்சாறு வரிதான். சார் நாளைக்கும் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்காரு, தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்களும் கூட வந்து ஒரு ஓரமா உக்காருங்க மேடம்னு எழுதியிருந்தேன். அவ்வளவுதாங்க."

நான் தாளையும் பேனாவையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார்கிட்டக் குடுக்கறேன்னு நீங்க சொன்னப்ப திக்குனு ஆயிடுச்சு. ஆனா நம்ம ஊருக்காரங்க, பேர் இல்லாத கவர்தானே, ஒரு தடவ பிரிச்சுப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். மறுநாள் ஆபீஸ் வெளிய வந்து நின்னேன். நீங்க வர்றீங்களான்னு பார்த்துட்டு. கொஞ்ச நேரம் நின்னேன் மேடம். அப்புறம் வாசல்ல காவலுக்கு நின்ன சிப்பாய் வந்து கூப்பிட்டான், உள்ள போயிட்டேன்."

"இப்ப வர்றேன்" என்றேன். "தீர்ப்பாயத்துல எப்ப கூப்பிட்டாலும் உன் பக்கத்துல வந்து நான் உக்காரறேன்."

"வேணாங்க மேடம். என் வீட்டுக்காரர் உக்காருவாரு. நீங்க எழுத வேண்டியத எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் பதிவுத் தபாலில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினேன். கடைசிப் பத்தியை மட்டும் நானாகச் சேர்த்தேன். அங்கே எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆபீஸ் நான்கு நிமிட நடை. அவள் உறை கொடுத்த மறுநாள் பத்து மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன், எனக்கு வேலை ஒன்றும் இல்லை.